அக்டோபரில் பதினொரு நாள்

லண்டன்
15 அக்டோபர் 1934

அன்புள்ள அமலத்துக்கு,

நலம். நீயும் ரீத்தாவும் பீட்டரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் ஆகஸ்டு மாத மழைக் கணக்கு அட்டை வந்தது. செப்டம்பர் அட்டை இப்போது ஏதோ ஒரு கடலில் வந்துகொண்டிருக்கும்.

நேற்று பீட்டருக்கு இரண்டு வயது. அவன் பிறந்த அன்று காலை நம் பின்கட்டில் மழை அளக்கிற செம்பில் 4.12 அங்குலம் இருந்தது. தண்ணீர்மலை ரோட்டுக்குக் குடிவந்த பிறகு நான் அளந்த மழையில் அதுதான் பெரிது. பிள்ளை பிறந்த நாளை மறந்தாலும் அந்த எண்ணை மறக்கமாட்டீர்கள் என்று நீ சொல்லிக் காட்டுவாய். இரண்டையும் மறக்கவில்லை. நேற்றுக் கோவிலில் அவனுக்காக ஒரு மெழுகுதிரி வைத்தேன்.

இனிக் காரியத்துக்கு வருகிறேன். போன வாரம் பேராசிரியர் கூப்பிட்டு அனுப்பினார். மலையடிவாரத்தில் பெய்கிற மழை எத்தனை மணி நேரத்தில், எவ்வளவு உயரத்துக்கு ஊருக்குள் வெள்ளமாக வருகிறது என்பதுதானே என் ஆராய்ச்சி. வெள்ளத்தின் கணக்கு ஊரில் பலரிடம் இருக்கிறது. அடிவாரத்து மழையின் கணக்கு நம் செம்பில் மட்டும்தான் இருக்கிறது. மூன்று முழு வருடம் வேண்டும், முப்பத்திரண்டு, முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு, நடுவில் ஓட்டை விழக் கூடாது என்று சொல்லிவிட்டார். முதல் இருபது மாதம் நான் அளந்தேன். மிச்சம் உன் கையில் இருக்கிறது.

அதிலும் அக்டோபர்தான் உயிர். வருடத்தின் பெரிய மழை இப்போதுதான் பெய்யும். ஆகையால் சொன்னதையே மறுபடி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. காலை ஏழு மணி. ஏழே கால் அல்ல. கண்ணாடி அளவியைத் தரையில் வைத்து, குனிந்து, கண் மட்டத்தில் பார். பார்த்தவுடன் எழுது. அடுப்பைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று போகாதே. பீட்டர் செம்பில் கூழாங்கல் போடாமல் பார்த்துக்கொள்.

ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் கட்டுரையைக் கொடுத்தாக வேண்டும். பள்ளிக்கூடத்தார் கொடுத்த விடுமுறை அதற்கு மேல் ஒரு மாதம்கூட நீளாது. சென்னையில் ஒரு முறை எம்.ஏ.வைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். யாரால் என்று இப்போது பேச வேண்டாம். இரண்டாம் முறையும் வெறுங்கையோடு வந்தால் பினாங்கில் யார் முகத்திலும் விழிக்க முடியாது.

கிறிஸ்துமசுக்குப் பிள்ளைகளைப் போட்டோ எடுத்து அனுப்பு. ரீத்தாவை அவள் கையாலேயே ஒரு கடிதம் எழுதச் சொல்.

உன்
பாக்கியநாதன்

*

சேசு மரி சூசை

தண்ணீர்மலை ரோடு, பினாங்கு
3 நவம்பர் 1934

அன்புள்ள அத்தானுக்கு அமலம் எழுதுவது.

சர்வேசுரன் கிருபையால் எல்லோரும் இருக்கிறோம். அக்டோபர் அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உங்களிடமிருந்து மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. கப்பல் தாமதம் என்று நினைத்துக்கொள்கிறேன். குளிருக்குக் கம்பளிச் சட்டை போடுகிறீர்களா? போன வருடம் அனுப்பியதைப் பெட்டியிலேயே மடித்து வைத்திருப்பீர்கள்.

ரீத்தாவுக்குச் சளி. குரல் கட்டியிருக்கிறது. அதனால் இந்தத் தடவை அவள் எழுதவில்லை. பீட்டர் நன்றாக இருக்கிறான். பக்கத்து வீட்டு சபூராவிடம் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நாள் அங்கே சாப்பிட்டுப் பழகி, இப்போது என் குழம்பை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புகிறான். அவள் கணவர் ஹபீப் முகம்மதுவின் சோற்றுக்கடையில் கறி ஊற்றிக் கொடுத்தால் யார்தான் என் சாம்பாரைத் தின்பார்கள். உங்கள் தம்பி வின்சென்ட் அக்கரையில் பிறை ஊரிலிருந்து அடிக்கடி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் அளந்த காலத்தில் ஒரு நாள் தவறியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நேற்று சகல ஆத்துமாக்கள் திருநாள். கோவிலுக்குப் போக முடியவில்லை. வீட்டிலேயே செபமாலை சொன்னோம்.

இவ்வளவுதான். அதிகம் எழுத நேரமில்லை.

அமலம்

*

லண்டன்
30 நவம்பர் 1934

அன்புள்ள அமலத்துக்கு,

அக்டோபர் அட்டை வந்தது. நூறாயிரம் நன்றி. இப்போது மூன்றாம் அதிகாரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் அட்டையை உறையோடு அப்படியே எடுத்து வைத்துவிட்டேன். டிசம்பர் அட்டையும் வந்த பிறகு வருடம் முழுவதையும் ஒரே மூச்சில் வரைபடமாகப் போடுவேன்.

நீ கேட்டதற்குப் பதில். ஒரு நாள் தவறினால் அந்தக் கட்டத்தில் எண் எழுதக் கூடாது, கோடு போட வேண்டும். ஒரு கோடு இருந்தால் மன்னிப்பார்கள். நாலைந்து இருந்தால் அந்த மாதம் போயிற்று. அக்டோபர் போனால் வருடமே போனது. நல்ல வேளை, நமக்கு அந்தக் கவலை இல்லை. மூன்று வருடத்தில் ஒரு கோடுகூட இல்லை என்று பேராசிரியரிடம் சொன்னேன். அளப்பது யார் என்று கேட்டார். என் மனைவி என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. ரீத்தாவுக்குக் குரல் கட்டினால் கையுமா கட்டிக்கொள்ளும்? அவளை எழுதச் சொல். கிறிஸ்துமஸ் பாட்டில் இந்த வருடமும் அவள்தானே முதல் குரல்?

வின்சென்ட் எதற்கு அடிக்கடி வருகிறான்? ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே பெரிப் படகு ஏறி வருவான். ஏதாவது விசேஷமா?

உன்
பாக்கியநாதன்

*

சேசு மரி சூசை

பினாங்கு
26 டிசம்பர் 1934

அன்புள்ள அத்தானுக்கு,

பிறப்புத் திருநாள் வாழ்த்துகள். போட்டோ வைத்திருக்கிறேன். பீட்டர் அசைந்துவிட்டான், அதனால் அவனுக்கு மூன்று கை இருக்கிற மாதிரி விழுந்திருக்கிறது. ரீத்தா நன்றாக விழுந்திருக்கிறாள். அடியில் அவளே பெயர் எழுதியிருக்கிறாள், பாருங்கள். இனிக் கை கட்டிக்கொண்டது என்று சொல்லமாட்டீர்களே.

பாட்டில் இந்த வருடம் வேறு பிள்ளை முதல் குரல். ரீத்தா என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். அழவில்லை. வீட்டுக்கு வந்து கேக் தின்றாள். சபூரா கடைக்குச் சொல்லிச் சோறும் கறியும் அனுப்பியிருந்தாள்.

வின்சென்ட் தம்பி வருவதில் விசேஷம் ஒன்றுமில்லை. அண்ணன் வீட்டுக்குத் தம்பி வரக் கூடாதா?

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். அந்த அட்டையைப் பார்த்தபின் எனக்கு எழுதுங்கள். பார்த்தவுடன் எழுதுங்கள். அடுப்பைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று போகாதீர்கள்.

அமலம்

*

லண்டன்
31 ஜனவரி 1935
விமானத் தபால்

அமலம்,

டிசம்பர் அட்டை திங்களன்று வந்தது. வருடம் முழுவதையும் வரைந்தேன். நேற்று, மூன்று வருடத்தையும் ஒன்றோடொன்று பார்க்கலாம் என்று மெல்லிய தாளில் எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்தேன்.

1934 அக்டோபர் ஒன்பதிலிருந்து பத்தொன்பது வரை உள்ள வரைபடக் கோடு, 1932 அக்டோபர் ஒன்பதிலிருந்து பத்தொன்பது வரை உள்ள கோட்டின் மேல் மயிரிழை தவறாமல் உட்கார்ந்தது. பதினொரு நாள். பதினான்காம் தேதிக்கு 4.12.

4.12 என்றால் எனக்குத் தெரியாதா? என் பழைய நோட்டைப் பார்த்து நீ காப்பி அடித்திருக்கிறாய்.

காலை ஏழு மணிக்குப் பின்கட்டுக்குப் பத்தடி நடக்க முடியவில்லையா? பதினொரு நாள் எங்கே போனாய்? யார் வீட்டுக் கல்யாணம்? ஒரு நாள் தவறினால் என்ன செய்வது என்று 'சும்மா' கேட்டாயே, அப்போதே உள்ளதைச் சொல்லியிருந்தால் நான் வேறு வழி தேடியிருப்பேன். இப்போது மூன்று மாதம்தான் இருக்கிறது. வருகிற மாதம் பேராசிரியர் வரைபடம் கேட்பார். கோடே இல்லை என்று அவரிடம் மார்தட்டிக்கொண்டு வந்தேன்.

சென்னையிலும் உங்களால். இங்கேயும் உங்களால்.

இதற்கு மட்டும் பதில் எழுது. அந்தப் பதினொரு நாளும் செம்பைத் தொடாமல் விட்டிருந்தாயா? அப்படியானால் மொத்தத் தண்ணீரும் அதிலேயே சேர்ந்திருக்கும். இருபதாம் தேதி காலையில் எவ்வளவு இருந்தது? அந்த ஒரு எண் கிடைத்தால்கூட ஏதாவது செய்யலாம்.

போட்டோ கிடைத்தது. அந்த வெயிலில் பிள்ளையின் கழுத்தில் எதற்கு அவ்வளவு அகல ரிப்பன்?

பாக்கியநாதன்

*

சேசு மரி சூசை

பினாங்கு
12 பிப்ரவரி 1935
விமானத் தபால்

அத்தானுக்கு,

ரிப்பனைப் பற்றிக் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நான் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ரிப்பனை அவிழ்த்தால் ரீத்தாவின் கழுத்தில், குழியும் எலும்பும் சேருகிற இடத்தில், ஒரு தழும்பு இருக்கிறது. என் சுண்டுவிரல் நகம் அளவு. அது அக்டோபர் பதினான்காம் தேதி வந்தது.

எட்டாம் தேதி அவளுக்குக் காய்ச்சல். ஒன்பதாம் தேதி விடியும்போது கஞ்சி விழுங்க முடியவில்லை. விளக்கைப் பிடித்து வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டையில் வெள்ளையாகத் தோல் படர்ந்திருந்தது. பீட்டரைத் தூக்கி வேலிக்கு மேலாக சபூராவிடம் கொடுத்தேன். தொற்று நோயாக இருக்கும், உன் பிள்ளைகளை நினைத்துப் பார் என்று சொன்னேன். "அதெல்லாம் அல்லா பாத்துக்குவான், நீங்க ரிக்‌ஷாவப் புடிங்கக்கா" என்றாள். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தவுடன் தொண்டை அடைப்பான் என்று சொல்லித் தனி வார்டில் போட்டார்கள். ஊசி போட்டார்கள். நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். மணி ஏழு அடித்ததா, எட்டு அடித்ததா, எனக்குத் தெரியாது. மழை பெய்தது தெரியும். ஜன்னலில் அடித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூச்சு நின்றுபோகிற மாதிரி வந்தது. உதடு நீலமாகிவிட்டது. டாக்டர் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கழுத்தில் துளை போட்டு வெள்ளிக் குழாய் வைத்தார். அன்றைக்குப் பீட்டருக்குப் பிறந்த நாள். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. மறுநாள் சபூரா சொல்லித்தான் தெரியும், பிள்ளைக்குப் பாயசம் கொடுத்தாளாம்.

வின்சென்ட் தம்பி வார்டு வாசலில் நின்றார். "அண்ணி, தந்தி குடுத்துடுவோம்லா. அண்ணன் கெளம்பி வரட்டும்" என்றார். நான் வேண்டாம் என்றேன். "பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா அண்ணன் என்னைய சும்மா விடுவாரா?" என்று கேட்டார். அப்போதும் வேண்டாம் என்றேன். பினாங்கு முழுவதும் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொல்லட்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் மூன்று நாள் என்னோடு பேசவில்லை, ஆனால் தினமும் பெரி ஏறி வந்து வாசலில் நின்றார்.

ஏன் வேண்டாம் என்றேன் தெரியுமா? ரீத்தா ஏழாம் மாதத்தில் பிறந்தபோது நீங்கள் சென்னையில் படிப்பை விட்டுவிட்டு ஓடி வந்தீர்கள். நான் வரச் சொல்லவில்லை. உங்கள் மனது கேட்கவில்லை, வந்தீர்கள். அன்றைக்கு உங்களைக் கோவிலில் வைத்துக் கும்பிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஐந்து வருடம், குழம்பில் உப்பு குறைந்தாலும் சரி, பிள்ளை அழுதாலும் சரி, பேச்சு முடிகிற இடத்தில் ஒரு வார்த்தை வரும். 'உங்களால்தான் விட்டேன்.' பேசக்கூடத் தெரியாத பிள்ளையைப் பார்த்து அதைச் சொல்லியிருக்கிறீர்கள். இன்னொரு தடவை அது என் காதில் விழக் கூடாது என்றுதான் தந்தி கொடுக்கவில்லை. அவள் செத்துப்போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. 

பத்தொன்பதாம் தேதி குழாயை எடுத்தார்கள். தானாக மூச்சு விட்டாள். இருபதாம் தேதி விடிந்ததும் நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். குளிக்கவில்லை, நேரே செம்பிடம் போனேன். உங்களுக்கு இப்போது தோன்றியதுதான் எனக்கும் தோன்றியது, மொத்தமாவது இருக்குமே என்று. செம்பு காலியாக இருந்தது, துடைத்து வைத்த மாதிரி. சபூராவைக் கேட்டேன். "நான்தான்க்கா நேத்துக் காலை வரைக்கும் தெனம் கொட்டுனேன். நீங்க காலையில தண்ணியத்தான கொட்டுவீங்க? தேங்கிக் கெடந்தா கொசுக்காரன் வந்து புழு இருக்குன்னு பைன் போட்டுருவான்லா" என்றாள். ஒரு வருடமாக வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நான் கொட்டுவதை மட்டும் பார்த்திருக்கிறாள். குனிந்து பார்ப்பதும் எழுதுவதும் அவள் கண்ணில் படவில்லை. என் பிள்ளையையும் பார்த்து, என் வேலையையும் செய்ததாக நினைத்துக்கொண்டு நிற்கிறாள். நான் என்ன சொல்வேன்? நன்றி என்றேன்.

அன்றிலிருந்து ரீத்தா வீட்டுக்கு வருகிற வரை, தினமும் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து ரிக்‌ஷாவில் வந்து அளந்துவிட்டுத் திரும்பிப் போனேன். அந்த எண்கள் எல்லாம் உண்மை. உங்கள் வீட்டு மாதா படத்தின் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

மாத முடிவில் அட்டையில் பதினொரு கட்டம் காலியாக இருந்தது. துறைமுக ஜெட்டியில் கப்பல் ஏறும்போது நீங்கள் கடைசியாகச் சொன்னது 'ஒரு நாளும் விடாதே' என்பதுதான், 'போய் வருகிறேன்' என்றுகூடச் சொல்லவில்லை. உங்கள் பழைய நோட்டை எடுத்தேன். திருநாள்கள் எல்லாம் வருடா வருடம் அதே தேதியில் திரும்பி வருகின்றன, மழையும் கொஞ்சம் முன்னே பின்னே அப்படித்தான் வரும் என்று நினைத்தேன். அதோடு பொய் எழுதுவதாக இருந்தால் உங்கள் கை எழுதிய எண்ணையே எழுதுவோம், அதில் பாவம் குறைவு என்று தோன்றியது. அது முட்டாள்தனம். தெரிகிறது.

அந்த 4.12 எனக்கும் மறக்கவில்லை, அத்தான். நான் வலியில் பாயைப் பிறாண்டிக்கொண்டு கிடந்தேன். நீங்கள் செம்பை அளந்து, நோட்டில் எழுதி, மையை ஒற்றி எடுத்துவிட்டுத்தான் மருத்துவச்சியைக் கூப்பிடப் போனீர்கள்.

பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற கன்னியாஸ்திரி ரீத்தாவின் குரல் ஒரு வருடத்தில் திரும்பும் என்கிறார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. இப்போது கரகரவென்று பேசுகிறாள். பீட்டர் அவளைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்கிறான். அவளும் சிரிக்கிறாள்.

கல்யாணம் யாருக்கும் இல்லை.

அமலம்

*

லண்டன்
23 பிப்ரவரி 1935
விமானத் தபால்

அமலம்,

நாலு தாளைக் கிழித்துப் போட்டேன்.

அவள் மூச்சு விடுகிறாளா? படி ஏறினால் இளைக்கிறதா? சாப்பாடு இறங்குகிறதா? தூங்கும்போது சத்தம் வருகிறதா? ஒன்று விடாமல் எழுது.

அக்டோபர் பதினைந்தாம் தேதி உனக்கு நான் என்ன எழுதினேன் என்று எண்ணிப் பார்த்தேன். கண்ணாடியைக் கண் மட்டத்தில் பார்க்கச் சொல்லி எழுதினேன். அதற்கு முதல் நாள்தான் என் மகள் கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். வீட்டுக்காரக் கிழவி பயந்துபோய்க் கதவைத் தட்டினாள்.

சென்னை விஷயம். ஐந்து வருடமாக அதைச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய். இல்லை என்று எழுதத்தான் முதல் தாளை எடுத்தேன். எழுத முடியவில்லை. உண்மையைச் சொன்னால், அங்கே எனக்குப் பாடம் ஓடவில்லை. பரீட்சையில் தோற்றுவிடுவேன் என்று பயந்துகொண்டிருந்தேன். ரீத்தா பிறந்த தந்தி வந்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிறந்து நாலு நாளான பிள்ளையின் மேல் பழியைத் தூக்கிப் போட்டுவிட்டு நான் நல்ல தகப்பன் ஆகிவிட்டேன்.

இன்று காலை கப்பல் ஆபீசுக்குப் போனேன். மார்ச் ஒன்பதாம் தேதி ஒரு கப்பல் இருக்கிறது. வந்துவிடட்டுமா? ஒரு சொல் தந்தி அடி, புறப்பட்டுவிடுகிறேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்தப் பதினொரு எண்ணையும் அப்படியே விட்டுவிடலாம். உன்னையும் என்னையும் தவிர உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. வரைபடம் அழகாக இருக்கிறது. ஏப்ரலில் கட்டுரையைக் கொடுத்தால் பட்டம் கைக்கு வரும். கோடு போட்டால் அக்டோபர் போகும், அக்டோபரோடு ஒரு வருடம் போகும், பட்டமும் போகலாம்.

மூன்று நாளாக மேஜையில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பாக்கியநாதன்

*

சேசு மரி சூசை

பினாங்கு
6 மார்ச் 1935, விபூதிப் புதன்
விமானத் தபால்

அன்புள்ள அத்தானுக்கு,

தந்தி அடிக்கவில்லை. இதுதான் பதில்.

வர வேண்டாம். ரீத்தா படி ஏறுகிறாள், மாமரமும் ஏறுகிறாள், இறங்கச் சொன்னால் கரகரவென்று என்னைத் திட்டுகிறாள். சாப்பாடு இறங்குகிறது. தூக்கத்தில் லேசாக விசில் மாதிரி ஒரு சத்தம் வருகிறது. முதலில் அந்தச் சத்தம் வந்தால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். இப்போது அது நின்றால்தான் எழுந்து உட்காருகிறேன்.

காலையில் மூவரும் கோவிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். அதற்கு முன் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பதினொரு பொய் என்று சொன்னேன். யாரிடம் சொன்னாய் என்று கேட்டார். ஓர் அட்டையில் எழுதினேன் என்றேன். எதைப் பற்றி என்றார். மழையைப் பற்றி என்றேன். மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லு என்று அனுப்பிவிட்டார். வின்சென்ட் தம்பியிடம் சொன்னபோது சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. அக்டோபருக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து இப்போதுதான் பார்த்தேன்.

கோடு போடுங்கள். என் பொய்யை நான் இறக்கி வைத்துவிட்டேன், அதை நீங்கள் எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கணக்கை நம்பி, பொய் மழையைக் கொண்டு ஊரில் வெள்ள வாய்க்கால் வெட்டப் போகிறார்கள் என்றால், நாளைக்கு வெள்ளத்தில் போகிற வீடு யாருடையது?

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பட்டம் போனால் நீங்கள் எந்த முகத்தோடு கப்பலிலிருந்து இறங்குவீர்கள் என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அப்படிப் போனால், 'உன்னால்' என்று ஒரு தடவை எழுதிவிடுங்கள். இப்போதே, கடிதத்தில் எழுதிவிடுங்கள். நான் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வந்து இருபது வருடம் சொல்ல வேண்டாம். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது. ரீத்தாவுக்கு இப்போது எல்லாம் புரிகிறது.

கட்டுரையை முடியுங்கள். முடித்துவிட்டு வாருங்கள்.

அமலம்

*

லண்டன்
17 மே 1935
விமானத் தபால்

அன்புள்ள அமலத்துக்கு,

ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி கட்டுரையைக் கொடுத்தேன், ஒரு நாள் மிச்சம் வைத்து. அன்றிலிருந்து சோறும் இறங்கவில்லை, ரொட்டியும் இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை வாய்மொழித் தேர்வு நடந்தது.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நேரே நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார்கள். பதினொரு கட்டத்தில் பதினொரு கோடு. நடுவில் உட்கார்ந்திருந்தவர் அடிக்குறிப்பை வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு, இந்த அளவுகளை அக்கம்பக்கத்து மழையைக் கொண்டு ஊகித்து நிரப்பியிருக்கலாமே என்று கேட்டார். நிரப்பலாம், ஆனால் அன்று நம் அடிவாரத்தில் என்ன பெய்தது என்று எனக்குத் தெரியாது, தெரியாததைத் தெரியாது என்று எழுதினேன் என்றேன். ஒருவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினார் என்று தெரியவில்லை.

ஒரு மணி நேரம் வெளியே உட்கார வைத்தார்கள். பிறகு கூப்பிட்டுச் சொன்னார்கள். பட்டம் இப்போது இல்லை. மறுப்பும் இல்லை. நான்காம் அதிகாரத்தை 1934 இல்லாமல், இந்த வருட அக்டோபரை அளந்து சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். பதினெட்டு மாதம் தவணை. பினாங்கில் இருந்தே எழுதி அனுப்பலாம்.

ஆகவே வெறுங்கையோடுதான் வருகிறேன். இருபத்தைந்தாம் தேதி கப்பல். பகலில் பள்ளிக்கூடம், மாலையில் எழுத்து, நடுவில் பீட்டர். எப்படி முடியப்போகிறதோ, தெரியவில்லை. சமையலறை மேஜையில் ஒரு மூலையை மட்டும் எனக்கு ஒதுக்கி வை.

நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை எழுதவில்லை. தேடிப் பார்த்தேன், அது என்னிடம் இல்லை.

அடிக்குறிப்பை இங்கிலீசில் எழுதினேன். உனக்காகத் தமிழில் தருகிறேன்.

'1933 செப்டம்பர் முதல் எல்லா அளவுகளையும் எடுத்தவர் திருமதி அமலம்மாள் பாக்கியநாதன். 1934 அக்டோபர் 9 முதல் 19 வரை அளவு இல்லை. அளப்பவர் அந்த நாட்களில் தம் பிள்ளையின் அருகில் இருந்தார். ஆராய்ச்சியாளர் இருக்கவில்லை.'

கடைசி வாக்கியம் ஆராய்ச்சிக்குத் தேவையில்லை, எடுத்துவிடு என்று பேராசிரியர் இரண்டு முறை சொன்னார். நான் எடுக்கவில்லை.

உன்
பாக்கியநாதன்

*

சேசு மரி சூசை

பினாங்கு
29 மே 1935
(கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் பிரயாணி வி. பாக்கியநாதனிடம் சேர்க்கவும்)

அன்புள்ள அத்தானுக்கு,

இது கொழும்பில் உங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை வாங்கி நெடுநேரம் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பிரித்தேன். அந்த வார்த்தை எங்கே இருக்கிறது என்று முதலில் மேலிருந்து கீழே தேடினேன். அதற்குப் பிறகுதான் படித்தேன். படித்துவிட்டு அழுதேன். சபூரா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னாக்கா, பாஸாயிட்டாங்களா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "அதுக்கு ஏன் சிரிக்கிறீங்க?" என்றாள். நான் சிரித்தது எனக்கே தெரியாது.

அவளிடம் செம்பின் கதை முழுவதையும் இன்றைக்குத்தான் சொன்னேன். வாயில் கையை வைத்துக்கொண்டாள். வருகிற அக்டோபரில் ஒரு சொட்டுக்கூடக் கீழே போகாமல் காவல் இருக்கப்போகிறாளாம். கொசுக்காரனையும் அவளே பார்த்துக்கொள்வாளாம்.

சமையலறை மேஜையில் ஜன்னல் பக்கத்து மூலையைத் துடைத்து வைத்திருக்கிறேன். பீட்டர் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்கிறான். அது உங்கள் பாடு.

வின்சென்ட் தம்பி நோட்டுப் பேப்பரில் கப்பல் வருகிற நாளை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். ஜெட்டிக்கு எல்லோரும் வருகிறோம். ரீத்தா ரிப்பன் கட்டிக்கொள்ளமாட்டாளாம். அப்பா பார்க்க வேண்டும் என்கிறாள்.

அடிக்குறிப்பை அவளுக்குப் படித்துக் காட்டினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "ஒங்க பேரு போட்டுருக்கு. என் பேர ஏன் போடல? எனக்குத்தான ஒடம்பு சரியில்ல?" என்று அந்தக் கரகரத்த குரலில் கேட்டாள். அப்பா வந்து எழுதுவார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று காலை ஏழு மணிக்கு 0.36. ரீத்தாதான் குனிந்து பார்த்துச் சொன்னாள், நான் எழுதினேன்.

அமலம்